யாரும் குடிக்க நினைக்காத நிறம்

கேகாலை ஆஸ்பத்திரியிலிருந்து அந்தப் போன் எனக்குத்தான் முதலில் வந்தது. எங்கள் ரப்பர் தோட்டத்து லய வீடுகளில் சிக்னல் பிடிப்பது என் போன் ஒன்றுதான். அதுவும் துணிக்கொடியில் பையோடு தொங்கினால் மட்டும். சுகந்தினி அக்காவின் தம்பி இரண்டே வார்த்தை சொல்லிவிட்டு அழுதான்.

செய்தி என் வாயில் வந்து விழுந்ததுதான் அதற்கு நேர்ந்த கெட்ட காலம். துரை எல்லாருக்கும் லீவு கொடுத்துவிட்டார் என்று, காலையில் பேர் பதியும் பெரட்டுக்களத்தில் பொய்யாக அறிவித்துப் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பியவள் நான். அரிசி புடைத்துக்கொண்டிருந்த ராசம்மா அத்தையிடம் போய், "அக்கா செத்துப்போச்சு அத்தை" என்றேன்.

"போடி. சாவ வச்சா வெளையாடுவ?" என்றவர் தொடர்ந்து புடைத்தார். நான் சிரிக்காமல் நின்றேன். கொஞ்சம் பொறுத்து நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். சுளகு கையிலிருந்து நழுவியது. அப்படியே வீடு வீடாகப் போய் ஒவ்வொரு வாசலிலும் நம்பப்படும்வரை நின்றேன்.

அக்காவை நன்றாக அறியாதவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். எங்கள் டிவிஷனிலிருந்து கெம்பஸ் போய் இரசாயனம் படித்த முதல் பெண் அவர். ரப்பர் ஃபெக்டரியில் பெண்கள் ஷீட் கழுவுவார்கள், தரம் பிரிப்பார்கள். பரிசோதனை அறைக்குள் மேசை போட்டு உட்கார்ந்த முதல் பெண்ணும் அவர்தான். ஆசிட் ஊற்றினால்தான் ரப்பர் பால் உறையும். எவ்வளவு ஊற்றுவது என்று பார்ப்பது அவர் வேலை. உடனே நான் 'ஆசிட் அக்கா' என்று பெயர் வைத்தேன். லயமே அப்படிக் கூப்பிட்டது.

"ஆசிட்டு பாலத்தான்டி ஒறைய வைக்கும். வாய ஒறைய வைக்கும்னா ஒனக்குத்தான் மொதல்ல ஊத்தியிருப்பேன்" என்பார்.

என் தம்பி கவினுக்கு அது நடந்த பிறகு அந்தப் பகிடியை அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

லயத்துக்குப் பின்னால் சொந்தமாக நாலைந்து ரப்பர் மரம் வைத்திருக்கும் நாங்கள் வீட்டிலேயே ஷீட் போடுகிறோம். அதற்கு ஃபெக்டரியில் ஆசிட் தருவார்கள். வாங்கப் போகும்போது கையில் என்ன கிடைக்கும்? வெறும் சோடாப் போத்தல்தான். இன்றைக்கு நேற்றைக்கு வந்த வழக்கமில்லை; யாரும் அதைத் தப்பென்று நினைத்ததும் இல்லை. ஆசிட்டும் தண்ணீர் போலத் தெளிவாக இருக்கும். அப்போது கவினுக்கு, தாய்மார் வேலைக்குப் போகையில் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவுக்குப் போகிற வயது. விளையாடிவிட்டுத் தாகத்தோடு ஓடி வந்தவன், குடத்துக்குப் பக்கத்தில் அம்மா வைத்திருந்த போத்தலைத் தூக்கி வாயில் சாய்த்தான். கத்த வாய் திறந்தான். சத்தம் வரவில்லை.

அக்கம்பக்கத்துப் பெண்கள் உப்புத் தண்ணீர் கரைத்துக்கொண்டு ஓடி வந்தார்கள், வாந்தி எடுக்க வைக்க. அக்கா செருப்பில்லாமல் வந்து அந்தக் கோப்பையைத் தட்டிவிட்டார்.

"வாந்தி எடுக்க வைக்காதீங்க. எறங்குறப்ப சுட்டது ஏறுறப்பவும் சுடும். வாய மட்டும் கழுவுங்க. த்ரீவீல கூப்பிடுங்க."

கவின் பிழைத்தான். குரல் பிழைக்கவில்லை. இன்றும் அவன் பேசினால் கிழவர் ஒருவர் கதவுக்குப் பின்னால் நின்று பேசுவது போல இருக்கும். அம்மா இன்னும் அதைப் பற்றி யாரிடமும் பேசுவதில்லை.

போத்தலை மாற்றுங்கள் என்று ஃபெக்டரியில் எல்லாரையும் எச்சரித்தார்கள். கொஞ்ச நாள் மாற்றினார்கள், பிறகு மறந்தார்கள். அக்கா மட்டும் வேறு மாதிரி யோசித்தார். "ஆளுங்கள மாத்த முடியாதுடி. ஆசிட்ட மாத்துவோம். பாத்தாலே குடிக்கத் தோணாத கலர் போடுவோம்."

முதலில் செவ்வரத்தம்பூவைக் கசக்கிப் போட்டார். ஆசிட் பட்டதும் அழகான ரோஸ் நிறம் வந்தது. அக்காவுக்கு அவ்வளவு பெருமை.

"சூப்பர்க்கா. ஐஸ் இருந்தா நானே குடிச்சிருவேன்" என்றேன்.

என்னையே பார்த்துக்கொண்டிருந்தவர், அதைக் கொண்டுபோய்க் கொட்டினார். அடுத்து சட்டைக்குப் போடும் நீலத்தூள். நிறம் ஓடிப்போய் அழுகிய முட்டை நாற்றம் மட்டும் மிஞ்சியது. லயமே என்னைத்தான் திட்டியது. ஆயுளில் அந்த ஒருமுறைதான் நான் நிரபராதி.

கடைசியில் பச்சைக் கேக் கலரில் கொஞ்சம் சிவப்பும் பழைய தேயிலைச் சாயமும் சேர்த்தார். சாக்கடைப் பச்சை. அதையும் அவர் தன் கண்ணை வைத்து முடிவுசெய்யவில்லை. வெறும் தண்ணீரில் விதவிதமாக நிறம் கலந்து, மூடியை இறுக்கி, பிள்ளைக்காம்பராவில் வரிசையாக வைத்தார். ஒவ்வொரு குட்டியாகக் கூப்பிட்டு, "செல்லத்துக்குத் தாகமா இருக்கு. எதக் குடிப்பீங்க?" என்று கேட்டார். ரோஸுக்குத்தான் தள்ளுமுள்ளு. சாக்கடைப் பச்சையை ஒரு விரலும் காட்டவில்லை. அக்கா கைதட்டிச் சிரித்தார். உலகத்தில் எல்லா விஞ்ஞானிகளும் எதையாவது நல்லதாக்கப் பார்ப்பார்கள். இவர் ஒருத்தர்தான் அசிங்கத்துக்காக ஆராய்ச்சி செய்தவர் என்று பாட்டுக் கட்டினேன். 'ரெண்டு மூடி பச்சை, அதுல பாதி செவப்பு, பல்லு வெளக்குன சாயத்தண்ணி' என்று தொடங்கும். பக்கத்து லயங்களில் இருந்திருந்தால் நீங்களும் பாடியிருப்பீர்கள்.

போத்தல்களைப் பொறுக்கிக்கொண்டே அன்று அவர் சொன்னார்: "கலரு முக்கியமில்லடி. கேக்குறதுதான் முக்கியம். வருசா வருசம் புதுப் பிள்ளைங்க வரும். அதுங்களையும் கேக்கணும்."

ஷீட்டில் கறை பிடிக்கும் என்று ஃபெக்டரிக்குப் பொறுப்பான சிங்கள ஐயா மறுத்தார். ஷீட்டை உருளையில் கொடுத்துப் பிழிந்தபோது நிறம் தண்ணீரோடு போய்விட்டது. புகை போட்ட பிறகு இரண்டு ஷீட்டைக் காட்டி, எது நிறம் போட்டது என்று அக்கா கேட்டார். ஐயா திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஹரி நங்கி... சரி தங்கச்சி, உன் இஷ்டம்." அன்றிலிருந்து எங்கள் போத்தல்களில் சாக்கடைதான். ஒரு பிள்ளையும் தொடவில்லை.

பெருமழைக்குப் பிறகு ஃபெக்டரிக்குப் பின்னால் அடைத்திருந்த கழிவுநீர்க் கானை அக்கா இறங்கித் துப்புரவு செய்தார். காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்று குளிசை போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். அது அழுக்குத் தண்ணீரில் தொற்றும் எலிக்காய்ச்சல். எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்தவர் தன் இரத்தத்தைச் சோதிக்கப் போனபோது நேரம் கடந்திருந்தது. இதற்கு யாரைக் கோபிப்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. அவரைத்தான் கோபித்துக்கொண்டிருக்கிறேன்.

சாவு வீட்டில் வந்தவர்களுக்கெல்லாம் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தோம். சமையல் குசினிப் படியில் போத்தல்கள் நின்றன. கவின் ஒன்றை எடுத்தான், மூடியைத் திறந்தான், முகர்ந்தான். "கண்ண நம்பாத, நாக்க நம்பாத, மூக்க மட்டும் கொஞ்சம் நம்பு" என்று அக்கா அவனுக்குப் பழக்கியிருந்தார்.

"இது தண்ணி இல்ல" என்றான், அந்தக் குரலில்.

அக்காவின் அப்பா மாரிமுத்து மாமா எழுந்து வந்து போத்தலை வாங்கிப் பார்த்துவிட்டுப் படியிலேயே உட்கார்ந்தார்.

"புள்ள ஆஸ்பத்திரிக்குப் போனதும் கலரு முடிஞ்சிருச்சு. கலக்க ஆளில்லன்னு வெள்ளையாவே குடுத்தாங்க. நானும் வாங்கியாந்துட்டேன்" என்றார். "எம் புள்ள வீட்டுலயே."

சாம்பல் அள்ளும் காடாத்து முடிந்ததும் ஃபெக்டரி ஐயாவிடம் போய், நான் கலக்கித் தருகிறேன் என்றேன். அளவு எனக்குத்தான் பாட்டாகவே தெரியுமே.

"நங்கி, நீ கலக்கினா நான் எப்படி நம்புறது? அவுருதுக்கு நீ குடுத்த கொக்கிஸ் எனக்கு மறக்கல்ல." சிங்களப் புத்தாண்டுக்கு நான் கொடுத்த அந்தக் கொக்கிஸ் பலகாரம் முழுக்க மிளகாய்த்தூள். பிறகு அவரே சொன்னார்: "சுகந்தினி செஞ்ச மாதிரி பிள்ளைகள்கிட்ட காட்டு. நானும் வாறேன்."

பிள்ளைக்காம்பராவில் நிறத்தண்ணீர்ப் போத்தல்களை வரிசையாக வைத்தேன். ஒவ்வொரு குட்டியையும் கேட்டேன். ரோஸ், மஞ்சள், ரோஸ். கடைசியாக வந்தவள் புதிதாகச் சேர்ந்த ஒரு வாண்டு. நேராகப் போய்ச் சாக்கடைப் பச்சையின் முன்னால் நின்று விரலை நீட்டினாள்.

"இதையா குடிப்ப? ஏன்டி?"

"கெந்த" என்றாள்.

பிள்ளைக்காம்பராவில் இப்போது காலையில் கொலகெந்த கொடுக்கிறார்கள். பச்சை இலைக்கஞ்சி. அக்கா கேட்ட காலத்தில் அது இல்லை.

ஐயா சிரிக்கவில்லை. வெள்ளையாகக் கொடுப்பதைவிட இது மேல், இப்போதைக்குப் பழைய நிறத்தையே போடு, ஆனால் வேறு தேடு என்றார். போட்டுக்கொண்டிருக்கிறேன். தேடிக்கொண்டும் இருக்கிறேன். ஒவ்வொரு முறை போத்தலை நிரப்பிக் கொடுக்கும்போதும் யார் வீட்டுக்குப் போகிறது, அங்கே எந்தக் குட்டி இருக்கிறது என்று மனம் கணக்குப் போடுகிறது. அக்காவுக்கும் தினம் இப்படித்தான் இருந்திருக்கும். நான்தான் பக்கத்தில் நின்று பாட்டுக் கட்டிக்கொண்டிருந்தேன்.

நிறத்தை அவர் எனக்கு விட்டுப் போனதாகத்தான் நினைத்திருந்தேன். இல்லை. அவருடையது என்று என்னிடம் இருப்பது ஒரு கேள்வி மட்டும்தான்: செல்லத்துக்குத் தாகமா இருக்கு, எதக் குடிப்பீங்க? கேட்கும்போதெல்லாம் அந்தச் சின்ன விரல் முன்னால் வந்து நிற்கிறது. அதைத் தாண்டி எனக்கு எந்த நிறமும் இன்னும் தெரியவில்லை.