இறந்தவர் பெயரில் ஓடிய நாடி

என் தங்கை நர்ஸ். ஆனால் நோயாளியைத் தொட்டு அவளுக்கு வெகுகாலம் ஆகிறது. ஆஸ்பத்திரி மாடியில் திரைகள் நிறைந்த ஓர் அறைதான் அவளுடைய வார்டு. வீட்டிலிருக்கும் நோயாளிகளின் மணிக்கட்டில் ஒரு பட்டை. அது அனுப்பும் நாடித்துடிப்பு திரையில் பச்சைக் கோடாக ஓடும். எவ்வளவு குறைந்தால் மணி அடிக்க வேண்டும் என்று ஆளுக்கு ஆள் டாக்டர் அளவு வைத்திருப்பார். தினமும் காலையில் ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டு விசாரிப்பாள். டிவி பார்த்துச் சம்பளம் வாங்குகிறவள் என்று என் வீட்டுக்காரர் சீண்டுவார். நானோ அவள் பெருமையைக் கேட்காதவர்களிடமும் சொல்வேன்.

அவள் பார்வையில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் இருந்தார். அவர் நாடி எப்போதும் மெதுவாகத்தான் நடக்கும். அதனால் அவருக்கான அளவை மிகவும் இறக்கி வைத்திருந்தார்கள். ஒருநாள் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். பட்டை திரும்பி வரும்வரை பெயரை எடுக்கக் கூடாது என்பது அங்கே முறை. மணியை மட்டும் அடக்கி வைப்பார்கள்; மறுபடி துடிப்பு வந்தால் அது தானாக விழித்துக்கொள்ளும்.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்து, அவர் பெயரில் மறுபடியும் கோடு ஓடியது. அதே மெதுவான நடை. மணி அடிக்கவில்லை, இயந்திரத்துக்கு அது அவருடைய வழக்கமான துடிப்பு. தங்கை உடனே அவர் வீட்டுக்குப் போன் செய்தாள். எடுத்தது அவர் மனைவி.

"நான்தாம்மா நேத்து எடுத்து மாட்டிக்கிட்டேன். இது ஓடினா நீ கூப்பிடுவேல்ல? இந்த வீட்ல வேற யாரு பேசுறா?"

தலை மட்டும் கொஞ்சம் சுற்றுகிறது என்றார். கணவருக்குப் பொருந்திய மெதுவான துடிப்பு அந்த அம்மாவுக்கு எமன் என்று தங்கைக்கு உறைத்தது. எழுந்திருக்க வேண்டாம் என்று சொல்லி, ஆம்புலன்ஸ் போய்ச் சேரும்வரை பேச்சை விடாமல் பிடித்து வைத்திருந்தாள்.

சாயங்காலம் கீழே அந்த அம்மா படுத்திருந்த வார்டுக்கு இறங்கிப் போனாள். பிழைத்துக்கொண்டார், அவருக்கே உரிய அளவோடு புதுப் பட்டை தயாராக இருந்தது. பழையதைக் கழற்ற வேண்டும். அந்த அம்மா கையை மடியில் மறைத்துக்கொண்டார்.

"இதைக் கழட்டினா அவரு ரெண்டாந்தரம் போயிடுவாரு."

தங்கை பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நெடுநேரம் கழித்து அவராகவே கையை நீட்டினார். பட்டை கழன்றதும் தங்கையின் போன் ஒலித்தது. மாடியில் புதிதாகச் சேர்ந்த பெண். தபால்காரர் பெயர் சிவந்து மணி அடிக்கிறது, யாரை அனுப்பட்டும் என்றாள்.

தங்கை கையிலிருந்த பட்டையைப் பார்த்தாள்.

"அவருதானே?" என்றார் அந்த அம்மா.