காலியாக இருக்க வேண்டிய நாற்காலி

அன்றைக்கு நான் பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டு எழுந்து என் மகளிடம் போயிருக்க வேண்டுமா? காலையில் அவளுக்குத் தலை சீவும்போது, போயிருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. அலுவலகம் போய்ச் சேருவதற்குள், போகாததுதான் சரி என்று ஆகிவிடுகிறது.

குழந்தைகளுக்கான ஒரு சர்வதேசத் தொண்டு நிறுவனத்தின் மதுரை அலுவலகத்தில் வேலை செய்கிறேன். கே.கே. நகரில் ஒரு பல் மருத்துவமனைக்கு மேல் மாடி. வேலை பெரும்பாலும் பேரையூர்ப் பக்கத்துக் கிராமங்களில். பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் வந்து படிக்கவும் விளையாடவும் அங்கே மையங்கள் நடத்துகிறோம். மையம் இருக்கலாமா, எத்தனை மணி வரை திறந்திருக்கலாம் என்பதையெல்லாம் முடிவு செய்வது மூத்த தலைமைக் குழு. ஆளுக்கொரு நாட்டில் இருப்பவர்கள். கணினித் திரையில் சின்னச் சின்னக் கட்டங்களாகத்தான் அவர்களைப் பார்த்திருந்தேன்.

இந்த வருடம் பொங்கல் கழிந்து, அந்த மையங்களில் ஒன்றைப் பார்க்க நேரிலேயே வந்தார்கள். அந்தக் குழுவுக்கு ஒரு வழக்கம் உண்டு. எங்கே கூடினாலும் ஒரு நாற்காலியைக் காலியாக விடுவார்கள். அது குழந்தையின் இடம். பேசுவதெல்லாம் யாரைப் பற்றி என்பது மறந்துவிடக் கூடாது என்பதற்காக. எனக்கு அந்த வழக்கம் பிடித்திருந்தது. அந்த மையத்தை நடத்தும் அக்காவிடம் போனில் ஏற்பாடுகளைச் சொன்னபோது அதையும் விளக்கிச் சொன்னேன். அவரும் சரி சரி என்றார்.

அன்றைக்குப் பார்த்து, வீட்டில் மகளைப் பார்த்துக்கொள்ளும் என் அத்தை திருமங்கலத்தில் ஒரு காதுகுத்துக்குப் போக வேண்டியிருந்தது. கணவருக்கு விடுப்பு இல்லை. மகளுக்கு மூன்று வயது. சனிக்கிழமை அவள் பள்ளியும் கிடையாது. பக்கத்து வீட்டில் விடலாமா என்று நினைத்தேன். அவர்கள் வீட்டு மாடிப்படிக்குக் கைப்பிடி இல்லை என்பது ஞாபகம் வந்தது. கடைசியில் என் மேலதிகாரியிடமே கேட்டேன். மையத்தில் ஆயா இருக்கிறார், கூட்டிப் போங்கள் என்றார். கேட்டுவிட்டுத்தான் கூட்டிப் போனேன் என்பதை இங்கே எழுதிவைக்க வேண்டும் போல் இருக்கிறது. காய்ச்சி ஆற வைத்த தண்ணீர், தயிர் சாதம், மாற்று உடை, காய்ச்சல் பார்க்கும் கருவி எல்லாம் எடுத்துக்கொண்டேன். வண்டியில் ஏறியபின் தொப்பியை மறந்தது தெரிந்தது. பேரையூர் வரை அந்தத் தொப்பியைப் பற்றியே நினைத்துக்கொண்டு போனேன்.

மகளை ஆயாவிடம் விட்டுவிட்டு, விருந்தினர்களை அழைத்துவர ரோட்டுக்குப் போனேன். அவர்களோடு திரும்பி வந்தபோது, வேப்பமரத்தடியில் வட்டமாக நாற்காலிகள், எதிரே பாய்களில் ஊர் அம்மாக்கள். காலியாக இருக்க வேண்டிய நாற்காலியில் என் மகள் உட்கார்ந்திருந்தாள். தலை நிறைய மல்லிகை, நெற்றியில் புதுப் பொட்டு. கால் தரைக்கு எட்டவில்லை.

நான் அக்காவை ஓரமாக இழுத்துக் கேட்டேன். அவர் என்னைவிடத் தெளிவாக இருந்தார்.

"மேலத்தெருப் பிள்ளைய வச்சா கீழத்தெருக்காரக மொறைப்பாக. கீழத்தெருப் பிள்ளைய வச்சா மேலத்தெருக்காரக நாளைக்கு மையத்துக்கே அனுப்ப மாட்டாக. ஒங்க பிள்ளைன்னா ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல முடியாதுல்ல மேடம்."

"யாருமே உக்காரக் கூடாதுன்னு சொன்னேனேக்கா."

"விருந்தாளி வந்துருக்கையில காலிச் சேரு கெடந்தா, எவனோ கோவிச்சுக்கிட்டு வராமப் போன மாதிரியில்ல இருக்கும்?"

பாயில் இருந்த ஒரு அம்மா என் மகளைப் பார்த்து, நமக்குப் பாய், மகாராணிக்குச் சேரு என்று சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். அவளை இறக்கிவிடத்தான் நினைத்தேன். ஆனால் அதற்குள் குழுவின் தலைவி, நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிய உயரமான பெண்மணி, நெஞ்சில் கைவைத்து நின்றுவிட்டார். இத்தனை வருடத்தில் இந்த நாற்காலியில் ஒரு குழந்தை உட்கார்ந்து இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். அதற்குப் பிறகு எப்படி இறக்குவது?

கூட்டம் தொடங்கியது. ஊர் அம்மாக்கள் பேசுவதை ஆங்கிலத்திலும் குழுவினர் கேட்பதைத் தமிழிலும் சொல்வது என் வேலை. மகள் எனக்கு நேர் எதிரே இருந்தாள். நடுவில் ஒருமுறை என்னைப் பார்த்துக் கையை நீட்டினாள். இரு என்று விரலைக் காட்டினேன். கையை இறக்கிக்கொண்டாள்.

அப்போது பருத்திக் காட்டு வேலைக்குப் போகும் ஒரு அம்மா எழுந்தார். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாதவர். சேலை முந்தானையைத் திருகிக்கொண்டே பேசினார். மையத்தைச் சீக்கிரம் பூட்டிவிடுவதால், தான் வேலையிலிருந்து வரும்வரை மகள் பூட்டிய வீட்டு வாசலில் தனியாக உட்கார்ந்திருக்கிறாள் என்றார். தெருவில் குடிக்கிறவர்கள் நடமாட்டம் இருப்பதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கியது. நான் ஒவ்வொரு வரியாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். எதிரே என் மகள் இரண்டு முழங்கால்களையும் ஒட்டி வைத்துக்கொண்டாள். அவளுக்கு ஒன்றுக்கு வருகிறது. எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த வட்டத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

நான் எழுந்தால் அந்த அம்மா பேச்சை நிறுத்திவிடுவார். நிறுத்தினால் மறுபடி தொடங்க மாட்டார் என்று தோன்றியது. ஆயாவைக் கண்ணால் தேடினேன். அவர் டீ ஊற்றிக்கொண்டிருந்தார். இன்னும் இரண்டு வரிதான், முடித்துவிடலாம் என்று நினைத்தேன். முடித்தபோது நாற்காலியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அக்காதான் ஓடிப்போய்த் தூக்கினார். பச்சப்பிள்ளதான, என்ன இப்ப, என்று சொல்லிக்கொண்டே உள்ளே கொண்டுபோனார். யாரும் முகம் சுளிக்கவில்லை. என் மகளும் அழவில்லை. வீட்டில் கவுனில் ஒரு சொட்டுச் சாம்பார் பட்டால் தெருவே கேட்கும்படி அழுகிறவள். அக்காவின் தோளில் சாய்ந்துகொண்டு என்னைப் பார்த்தாள். அப்போதும் நான் இரு என்று விரலைக் காட்டினேனா, இல்லை அது என் கற்பனையா என்று தெரியவில்லை.

திரும்பும்போது வண்டியில், குழுவில் குழந்தைகள் பாதுகாப்புக்குப் பொறுப்பான உறுப்பினர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். மெதுவாகப் பேசுகிறவர். மடியில் தூங்குவது என் மகள் என்று தெரிந்துதான் கேட்டார். "அந்த நாற்காலியில் உட்கார விருப்பமா என்று இவளிடம் யாராவது கேட்டார்களா?"

யாரும் கேட்கவில்லை என்றேன். நானும்தான் என்று சேர்த்துச் சொன்னேன். தலையசைத்தார். அது கண்டனமா, ஆறுதலா என்று புரியவில்லை.

சில வாரங்கள் கழித்துத் தலைவி திரையில் வந்தார். களத்தில் வேலை செய்யும் ஒருவர் தலைமைக் குழுவில் இருக்க வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறோம், அது நீங்கள்தான் என்றார். மதுரையிலேயே இருக்கலாம், ஆனால் வருடத்தில் சிலமுறை, ஒவ்வொரு முறையும் ஒரு வாரத்துக்கு மேல், வெளிநாட்டில் நடக்கும் கூட்டங்களுக்கு வர வேண்டும். ஏன் என்னை என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"உங்கள் குழந்தையை எதிரே வைத்துக்கொண்டு, அந்தத் தாயின் ஒரு வார்த்தைகூட விடாமல் சொன்னீர்கள். உங்கள் கவனம் கொஞ்சமும் சிதறவில்லை."

மகளை உட்கார வைத்தது என் யோசனை இல்லை என்று விளக்கினேன். அடக்கமாகப் பேசுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார். கவனம் சிதறியது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சிதறவில்லையோ என்ற பயமும் இருந்தது.

அந்த மையம் இப்போது இருட்டும்வரை திறந்திருக்கிறது. அன்று பேசிய அம்மாவின் வார்த்தைகளால்தான் அந்த முடிவு வந்தது. அவர் மகள் இப்போது வாசலில் உட்காருவதில்லை. மையத்தில் கேரம் ஆடுகிறாள் என்று அக்கா போனில் சொன்னார். இதைக் கேட்டு நிம்மதியாகத்தான் இருந்தது. போனை வைத்த பிறகு, முதலில் மகளிடம் போய்விட்டு வந்து அந்த இரண்டு வரியைச் சொல்லி முடித்திருந்தாலும் இதேதான் நடந்திருக்குமோ என்று தோன்றியது.

கணவர், உனக்குப் பிடித்தால் போ என்கிறார். பிடிக்கிறதா என்றுதான் எனக்கே தெரியவில்லையே என்றால், அதை நான் எப்படிச் சொல்வது என்று திரும்பிப் படுத்துக்கொள்கிறார். அத்தை தடுப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் தடுக்கவில்லை. "நீ போயிட்டு வா. பிள்ளைய நான் பாத்துக்கிறேன். ரெண்டு நாள் தேடும், அப்புறம் பழகிரும்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். பழகிரும் என்ற அந்தச் சொல்தான் என்னைத் தூங்கவிடவில்லை. அவள் பழகிக்கொள்வாள். அந்த நாற்காலியிலேயே அதைப் பார்த்துவிட்டேன்.

நான் போகாவிட்டால் வேறு யாரோ போவார்கள். அவருக்குப் பருத்திக் காட்டுக்குப் போகும் பெண்ணின் பேச்சு புரியுமா? புரியும், நான் ஒருத்திதான் உலகத்தில் இருக்கிறேனா என்றும் தோன்றுகிறது.

இந்த மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். வேலைக்காக அடிக்கடி ஊர்விட்டுப் போன அம்மாக்களிடம் வளர்ந்தவர்கள் இதைப் படித்தால், தயவுசெய்து எனக்கு எழுதுங்கள். அம்மாக்கள் எழுதினாலும் படிப்பேன். ஆனால் பிள்ளைகளாக இருந்தவர்களிடம்தான் கேட்க விரும்புகிறேன். மூன்று வயதில், நான்கு வயதில் அம்மா இல்லாத அந்த வாரங்கள் உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? பெரியவர்களான பிறகு அவரிடம் அதைப் பற்றிப் பேசினீர்களா? என் மகளால் இப்போது சொல்ல முடியாததை நீங்கள் சொன்னால், அதைக் கேட்டுவிட்டு முடிவு செய்கிறேன்.