பதினைந்தாவது அட்டைப்படம்

எனக்குக் கதை படிக்கப் பிடிக்காது என்றுதான் பத்து வயது வரை எங்கள் வீட்டில் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அது உண்மையும்கூட. எனக்குப் பிடித்தது கதைப் புஸ்தகத்தின் அட்டைப்படம் மட்டும்தான். அதிலும் மாதாமாதம் வரும் துப்பறியும் நாவல்களின் அட்டைப்படம். அரையிருட்டில் ஒரு மாடிப்படி, படியில் ஒரு பெண், அவள் பின்னால் தொப்பி போட்ட ஒரு நிழல். மலிவு அச்சில் சிவப்பு மை கொஞ்சம் தள்ளி விழுந்து, அவளுடைய உதட்டுச் சாயம் தாடையில் இருக்கும். அவளோ அது தெரியாமல் பயந்துகொண்டிருப்பாள். உள்ளே அவளுக்கு என்ன ஆயிற்று என்று நான் ஒருநாளும் கவலைப்பட்டதில்லை.

மர்பி டவுனில் எங்களுக்கு அடுத்த வீட்டில் இருந்த தையல்கார அத்தைதான் இந்தப் படங்களை எனக்குக் கொடுப்பார். எங்களுக்கு உறவில்லை, தெருவே அவரை அத்தை என்றது. மதராஸிலிருந்து ரயிலில் வரும் நாவல்களை வாங்கிப் படித்துவிட்டு, துணி தைக்கக் கொடுக்க வரும் பெண்களுக்கெல்லாம் சுற்றுக்கு விடுவார். நாலு கை மாறுவதற்குள் அட்டை கழன்றுவிடும். ஒருமுறை மெஷினிலேயே வைத்துச் சிவப்பு நூலால் தைத்துப் பார்ப்பார். அதற்கு மேலும் கழன்றால் என் கைக்கு வந்துவிடும். அதனால் என்னிடம் இருந்த படங்கள் எல்லாவற்றுக்கும் ஓரத்தில் வரிசையாக ஊசித் துளைகள் இருந்தன.

அப்பா பட்டாளத்து ஸ்டோரில் வேலை பார்த்தார். அதிகம் பேசமாட்டார். துப்பறியும் நாவலுக்கு அவர் வைத்திருந்த பெயர் கொலைப் புஸ்தகம். எனக்கு ஒன்பது வயதானபோது அண்ணன் பூகோளப் புஸ்தகத்துக்குள் ஒன்றை வைத்துப் படித்து மாட்டிக்கொண்டான். அப்பா அதைப் பிடுங்கி, அட்டை வேறு உள்பக்கம் வேறாகக் கிழித்தார். கொல்லையில் இருந்த குளியலறைக்குப் போய் வெந்நீர் அண்டா அடுப்பில் போட்டார். பிறகு அத்தை வீட்டு வாசலில் நின்று, பிள்ளைகளுக்கு இதையெல்லாம் கொடுக்க வேண்டாம் என்று மரியாதையாகவே சொல்லிவிட்டு வந்தார். அண்ணனுக்குக் கதையின் முடிவு தெரியாமல் போனதுதான் வருத்தம். எனக்கு அட்டை போனதுதான் வருத்தம். கையில் விளக்கோடு நீலப் புடவை கட்டிய பெண். யாரோ புஸ்தகத்தின் மேல் டீ கிளாஸை வைத்ததில், அவள் தலையைச் சுற்றி வட்டமாக ஒரு கறை, சாமி படத்தில் இருப்பதுபோல. அது கழன்று என்னிடம் வரும் நாளுக்காக நான் காத்திருந்தேன். அந்த மாதம் முழுக்க வெந்நீரில் குளிக்கும்போதெல்லாம் எனக்கு அவள் ஞாபகம்தான் வந்தது.

ஆகவே நான் அண்ணனைவிடப் புத்திசாலியாக ஓர் இடம் கண்டுபிடித்தேன். என் பள்ளிக்கூடப் புஸ்தகங்களுக்குப் போட்டிருந்த பிரவுன் காகிதத்துக்கு அடியில், முன்னால் ஒன்று பின்னால் ஒன்று. ஏழு புஸ்தகம், பதினாலு படம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த பெருமை எனக்கு.

ஆனால் மறைத்தபோது சரஸ்வதி பூஜையை யோசிக்கவில்லை. ஜூனில் போட்ட காகிதம் அதற்குள் நைந்துபோயிருக்கும் என்பதால், பூஜையன்று அப்பா தம் கையாலேயே பழசைப் பிரித்துப் புதுக் காகிதம் போடுவார். அன்று காலை ஸ்டோரில் ஆயுத பூஜையை முடித்துவிட்டு, பொரியும் கடலையும், பெட்டிகளைப் பிரித்துக் கழித்துப்போட்ட பிரவுன் காகிதச் சுருள் ஒன்றும் கொண்டுவருவார். பதினோரு மணி சுமாருக்கு, அப்பா வருவதற்குள் புஸ்தகங்களை எடுத்து வை என்று அம்மா சொன்னபோதுதான் எனக்கு அது ஞாபகம் வந்தது.

எங்களுக்கு இருந்ததோ ஒரே அறை. அம்மா கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். அண்ணன், கோள் சொல்வதற்கென்றே பிறந்தவன், பக்கத்திலேயே படுத்திருந்தான். படங்களை எடுக்க வழியில்லை. அத்தை வீட்டுக்கு ஓடினேன். தையல் மெஷினுக்குச் சந்தனம் வைத்துக்கொண்டிருந்த அத்தைக்கு விஷயம் கேட்டதும் கை நின்றுவிட்டது.

"உங்கப்பாவுக்குத் தெரிஞ்சா, நான் மெஷினைத் தூக்கிக்கினு ஒக்கலிபுரத்துல எங்கக்கா வூட்டுக்கே போயிட வேண்டியதுதான்," என்றார்.

ஆனால் மாதம் இரண்டு கொலை படித்தவர் அல்லவா, சும்மாவா உட்கார்ந்திருப்பார். முகத்தைத் துடைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். இன்று பன்னிரண்டு மணிக்கு ராகு காலம் பிறக்கிறதாம், அதற்குள் புஸ்தகத்தை வைக்காவிட்டால் பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறாதாம் என்று அம்மாவிடம் சொன்னார். அம்மாவுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. பஞ்சாங்க விஷயத்தில் அத்தை சொன்னால் வேதம். பத்தே நிமிஷத்தில் என் ஏழு புஸ்தகமும் பழைய காகிதத்தோடேயே பலகையில் ஏறி, சந்தனம் குங்குமம் பூவோடு உட்கார்ந்துவிட்டன. பூஜையில் வைத்ததை மறுநாள் காலை வரை யாரும் தொடக்கூடாது. அப்பாவாலும் முடியாது.

அப்பா வந்தார். அம்மா சொன்னதைக் கேட்டார். சுவரில் தொங்கிய காலண்டரை ஒருதரம் பார்த்தார். வாசலில் நின்ற அத்தையை ஒருதரம் பார்த்தார். நாளைக்குப் போட்டால் போச்சு என்று சுருளை மூலையில் சாத்தினார்.

நாளைக்கு என்று ஒன்று இருப்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அன்று சாயங்காலம் முழுக்கப் பலகையைச் சுற்றிச் சுற்றி வந்தேன். அம்மா பால் வாங்கப் போனாள், அண்ணன் விளையாடப் போனான், கை நீட்டினால் எட்டும் தூரம். ஆனால் தொட்டால் சரஸ்வதி கோபித்துக்கொள்வாள். ஏற்கெனவே எனக்குக் கணக்கு வராது. இருப்பதும் போய்விட்டால் என்ன செய்வது? அப்பாவுக்குப் பயப்படுவதா, சாமிக்குப் பயப்படுவதா என்று தெரியாமல், பொரி தின்னக்கூடப் பிடிக்காமல் கிடந்தேன்.

மறுநாள் காலையில் கற்பூரம் காட்டியதும் ஆளுக்கொரு புஸ்தகம் எடுத்து ஒரு பக்கம் படிக்க வேண்டும். அப்பா கையில் என் கணக்குப் புஸ்தகம் வந்தது. ஈரச் சந்தனத்தில் ஊறிக் காகிதத்தின் மடிப்பு விட்டுப்போயிருந்தது. அவர் பிரித்ததும் ஓரத்திலிருந்து ஒரு பெண்ணின் கை, வளையலும் கத்தியுமாக, வெளியே எட்டிப் பார்த்தது. அப்பா அந்தக் கையைப் பார்த்தார். கட்டைவிரலால் மெதுவாக உள்ளே தள்ளினார். ஏழாம் வாய்ப்பாட்டைத் தப்பில்லாமல் படித்து முடித்தார்.

பிறகு சுருளையும் கத்தரிக்கோலையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் சுவரோடு சுவராக நின்றேன்.

"பழைய காகிதம் இன்னும் கெட்டியாத்தான் இருக்குது," என்றார். "பிரிக்க வேணாம். மேலயே போட்டுடலாம். நீ போயி அம்மாகிட்டப் பசை காய்ச்சி வாங்கியா."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சமையல் மூலையில் மைதாப் பசை கொதிப்பதைப் பார்த்துக்கொண்டு அழுதேன், சிரித்தேன், இரண்டையும் புகையின் மேல் போட்டேன். அம்மா என்னவென்று கேட்டாள், ஒன்றுமில்லை என்றேன். கிண்ணத்தோடு வந்தபோது அப்பா இரண்டு புஸ்தகத்தை மடித்து வைத்திருந்தார். எல்லாவற்றையும் ஒட்டி முடித்து என்னிடம் கொடுத்தபோது ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"முழுப் பரீட்சை முடியறவரைக்கும் பிரிக்காத."

காகிதம் வீணாகக்கூடாது என்பதற்காகச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். சொன்னபடியே பிரிக்கவில்லை. கணக்கில்கூடத் தேறினேன்.

ஏப்ரலில் பரீட்சை முடிந்த அன்றே அத்தை வீட்டுக்குப் போய், மெஷினடியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தேன். பதினாலு இருக்க வேண்டும். பதினைந்து இருந்தது. கணக்குப் புஸ்தகத்தில், கத்திக்காரிக்கும் மேலே, சட்டைப் பைக்குள் அடங்கும் அளவுக்கு நாலாக மடித்திருந்த தடங்களோடு ஒரு படம். நீலப் புடவை, கையில் விளக்கு, தலையைச் சுற்றி டீ கிளாஸ் வட்டம். ஓர் ஓரம்கூடக் கருகவில்லை.

அத்தை அதை வாங்கி ஊசித் துளைகளைத் தடவிப் பார்த்தார். எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பி, வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நெருப்பில் போனதைச் சரஸ்வதி திருப்பிக் கொடுத்திருக்கிறாள், இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்குக் கோபம் வந்தது.

அடுத்த வருடப் பூஜையில் நான் இன்னும் கொஞ்சம் பேராசைப்பட்டேன். கண்ணை மூடிக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படியே, தாயே, அட்டையைக் கொடுத்தாய், அண்ணன் பாவம், உள்ளே இருந்த கதையையும் கொடுத்துவிடு என்று வேண்டிக்கொண்டேன். பக்கத்தில் கைகூப்பி நின்ற அப்பாவுக்கு அந்த நேரம் பார்த்து ஏன் அப்படி இருமல் வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. சாமிக்கு முன்னால் இருமக்கூடாது என்று அவரை அதட்டினேன்.