ஜோடிக்கு ஒரு கத்தி

உலகச் சண்டை முடிந்த பிறகு, பெங்களூரில் தண்டு என்கிற கண்டோன்மென்டில் எங்கே திரும்பினாலும் பட்டாளத்துச் சாமான்தான். பழைய சாமான் விற்கும் குஜரிக் கடைகளில் பூட்ஸ் ஒரு குவியல், தண்ணீர்க் குடுவை ஒரு குவியல், கூடாரத் துணி, கொசுவலை, ஒற்றைக் கையுறை. நடுவில் கூர்க்காக் கத்திகளை விறகு மாதிரி அடுக்கி வைத்திருப்பார்கள். எங்களுக்கு வேண்டியிருந்தது அதில் ஒன்று. ஒன்றே ஒன்றுதான், ஏனென்றால் மேஸ்திரி அப்படித்தான் சொல்லியிருந்தார்.

மேஸ்திரி ஒரு கன்னடக்காரர். மலைநாட்டுக் காட்டில் மின்சாரக் கம்பி போவதற்கு வழி வெட்டும் வேலைக்கு ஆள் பொறுக்கிக்கொண்டிருந்தார். ஆட்களை ஜோடியாகத்தான் எடுப்பார். ஒருவன் வெட்ட வேண்டும், மற்றவன் வெட்டியதை இழுத்துப் போட வேண்டும், களைத்தால் மாற்றிக்கொள்ள வேண்டும். ஜோடிக்கு ஒரு கூடாரம், ஒரு சட்டி, ஒரு கத்தி. கத்தியை நாமே கொண்டுவர வேண்டும். “காட்டில் கத்தி போனால் கடை ஏது? ஒரு கத்தியைக் காப்பாற்றத் தெரியாதவன் எனக்கு வேண்டாம்” என்பது அவர் கணக்கு. பரீட்சை பீன்யாவுக்கு அப்பால் உண்ணி முள்ளுப் புதர் மண்டிக் கிடந்த மேட்டில். தேறினவர்கள் அன்றைக்கே லாரி ஏற வேண்டும்.

நான் அப்போது ஒக்கலிபுரத்தில், ரயில் பாதைக்கு இந்தப் பக்கம், ஒரு தகரக் கொட்டகையில் இன்னொருவனோடு தங்கியிருந்தேன். அதற்கு முன்னால் குடகில் காப்பித் தோட்டம், அதற்கு முன்னால் மூங்கில் வெட்டு, அதற்கும் முன்னால் வேறு எங்கெங்கோ. குடகிலிருந்து காய்ச்சலோடு வந்தேன். காய்ச்சல் விட்டதும் ரேஷன் கியூ பிடித்துக்கொண்டது. ஊரை விட்டுப் போக ஏதாவது ஒரு சாக்கு கிடைத்தால் போதும் என்றிருந்தேன். காட்டில் அரிசி போடுவார்கள். எனக்கு அவ்வளவுதான் விஷயம்.

கூட இருந்தவனுக்கு அப்படியில்லை. தண்டில் மாதா கோயிலை ஒட்டிய தெருவில் பிறந்தவன். சண்டைக் காலத்தில் பட்டாளத்துப் பட்டறையில் பெட்டி அடித்துக்கொண்டிருந்தான். சண்டை நின்றது, பெட்டியும் நின்றது. வாடகை கொடுக்க வழியில்லாமல் போனதும் மாமனார் வந்து மகளை ஊர்காமுக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டார். அவர் தங்கச் சுரங்கத்தில் வேலை செய்கிறவர், அதிகம் பேசாதவர். “வீடுன்னு ஒண்ணைக் காட்டு. பொண்ணைக் கூட்டிட்டுப் போ” என்று மட்டும் சொன்னாராம். வழி வெட்டி முடித்தவர்களில் சிலரை அங்கேயே கம்பிக் காவலுக்கு வைத்துக்கொள்வார்கள், காவல்காரனுக்குக் குடும்பத்தோடு இருக்கத் தகர வீடு உண்டு என்று மேஸ்திரி ஒரு தரம் சொன்னார். அதிலிருந்து இவன் வாயில் வேறு பேச்சே இல்லை.

என்னிடம் ஏற்கெனவே ஒரு மச்சு இருந்தது. கன்னடத்தார் மச்சு என்று சொல்லுகிற, முனை வளைந்த வெட்டுக்கத்தி. அதையே கொண்டுபோகலாம் என்றேன்.

“அதைத் தூக்கிட்டுப் போனா மேஸ்திரி நம்மளைப் புல்லறுக்க அனுப்புவார் பா” என்றான்.

குஜரிக் கடைக்காரர் ஒரு சாயபு. கூர்க்காக் கத்தி ஒன்றை உறையிலிருந்து பாதி உருவிக் காட்டிவிட்டு நிறுத்தினார்.

“முழுசா எடுக்கமாட்டேன் பாய். இது வெளிய வந்தா ரத்தம் பாக்காம உள்ள போகாது. அது கூர்க்காங்க கானூன், சட்டம்.”

“அப்ப அவுங்க வெங்காயம் நறுக்கணும்னா யாரை வெட்டுவாங்க?” என்று இவன் கேட்டான்.

சாயபு சிரித்துவிட்டு முழுவதும் உருவிக் கொடுத்தார். வாங்குகிறவர்கள் வெட்டிப் பார்த்துத்தான் வாங்குவார்கள் என்பதால், இவன் கைக்கடிகாரத்தைப் பிணையாக வைத்துக்கொண்டு இரண்டு கத்திகளைக் கொடுத்தனுப்பினார். ஒன்று பட்டாளத்துக்கென்று தொழிற்சாலையில் செய்தது. கைப்பிடி மரம், ஆணி அடித்தது. மற்றது எந்த மலைக் கொல்லனோ அடித்தது. எருமைக் கொம்புப் பிடி, அடியில் பித்தளை மூடி. உறையில் இரண்டு குட்டிக் கத்திகளும் செருகியிருந்தன. ஒன்று கூர் இல்லாதது, பெரிய கத்தியைத் தீட்டிக்கொள்ள. இன்னொன்று சில்லறை வேலைக்கு.

ஞாயிற்றுக்கிழமை இவன் பூசை பார்த்துவிட்டு வந்ததும் ஏரிக்கரைக்குப் போய், மச்சோடு சேர்த்து மூன்றாலும் வெட்டிப் பார்த்தோம்.

கூர்க்காக் கத்தியைப் பற்றிக் கேள்விப்படுவதெல்லாம் கழுத்து வெட்டுகிற கதை. கையில் எடுத்தால் அது ஒரு சின்னக் கோடாலி. கனம் முழுக்க முன்வயிற்றில் இருக்கிறது. நாம் ஓங்கினால் போதும், இறங்குவது அதன் வேலை. கை பருமன் வேலங்கொம்பு, மச்சுக்கு நாலு வெட்டு வாங்குகிறது, இதற்கு இரண்டில் போய்விட்டது. மூங்கிலில் மச்சு சில சமயம் வழுக்கிக்கொண்டு முழங்காலுக்கு வரும். இதன் உள்வளைவில் மூங்கில் சிக்கிக்கொண்டு நின்றுவிடுகிறது, வழுக்குவதில்லை. முளைக்குச்சி சீவ, கட்டையைப் பிளக்க, அவசரத்துக்கு மண்ணைத் தோண்ட, எல்லாவற்றுக்கும் ஆகும்.

முள்ளில் கதை வேறு. உண்ணிப் புதர் வெட்டுவதைவிட இழுப்பதுதான் பெரிய வேலை. மச்சின் மூக்கால் கொப்பைக் கொக்கி மாதிரி இழுத்து, கீழே வெட்டலாம். கூர்க்காக் கத்தி எவ்வளவு வளைந்திருந்தாலும் இழுக்காது, கையை உள்ளே விட வேண்டும், கை கிழியும். இன்னொன்று தீட்டுவது. மச்சை எந்தப் பாறையிலும் தேய்த்துக்கொள்ளலாம். இதன் உள்வளைவுக்குத் தட்டைக் கல் சேராது, ஆற்றில் உருண்ட கல் தேட வேண்டும்.

பட்டாளத்துக் கத்தியில் குறை சொல்ல முடியாது. ஆனால் அதன் பிடி மெலிசு, சாயங்காலத்துக்குள் என் உள்ளங்கையில் கொப்புளம் கண்டது. கொம்புப் பிடி கைக்குள் வந்து உட்கார்ந்தது. வெட்டும்போது அதிர்வே தெரியவில்லை.

“இப்ப சொல்லு. உன் மச்சா, இதுவா?”

“வெட்டுக்கு இது. முள்ளுக்கு மச்சு.”

“பரீட்சை முள்ளு இழுக்கறதுக்கா, வெட்டறதுக்கா?”

“வெட்டத்தான்.”

“அப்புறம் என்னா, கல்யாணம் பேசற கிழவன் மாதிரி இழுக்கறே!”

கொம்புப் பிடியையே முடிவு செய்தோம். நானும் ஒப்புக்கொண்டுதான் முடிவானது. பட்டாளத்துக் கத்தியைத் திருப்பிக் கொடுத்தோம். விலைக்கு ஈடாகக் கடிகாரம் சாயபுவிடமே நின்றது, கத்தி எங்களுடையதாயிற்று.

காட்டு வேலைக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. புதுக் கத்தி வாங்கினால் பிடியைப் பழக்க வேண்டும். விளக்கெண்ணெய் பூசித் தணலுக்கு மேலே காட்டித் திருப்பித் திருப்பிச் சுட வைப்பது. எண்ணெய் மரத்துக்குள் இறங்கும், பிறகு மழையில் ஊதாது, வெயிலில் வெடிக்காது, கை பொத்துப்போகாது. குடகில் எல்லாரும் செய்வோம். மச்சின் பிடிக்கு அதைவிட நல்லது கிடையாது. கொட்டகையில் நான் இதைப் பல தடவை சொல்லியிருக்கிறேன்.

பரீட்சைக்கு முந்தின சாயங்காலம் நான் கஞ்சி வைத்துக்கொண்டிருந்தேன். இவன் அதே அடுப்பின் வாயில் கத்தியைப் பிடித்துப் பிடியைப் பழக்கினான். பக்குவமாகத்தான் செய்தான், கொம்பு கருகவில்லை. பித்தளை மூடியின் ஓரத்தில் பழுப்பாக ஒரு சொட்டுக் கசிந்து வந்தது. எண்ணெய்க் கசடு என்று துணியால் துடைத்தான். தட்டார் கடையைத் தாண்டிப் போகும்போது வருமே, அந்த வாசனை கொஞ்சம் வந்தது. கஞ்சி பொங்கியது, நான் அந்தப் பக்கம் திரும்பினேன். ஆறின பிறகு அசைத்துப் பார்த்தோம். கல்லு மாதிரி இருந்தது.

மறுநாள் மேட்டில் மேஸ்திரி ஜோடிக்கு ஒரு பட்டை நிலம் என்று முளையடித்து வைத்திருந்தார். பட்டையில் உண்ணி, நடுவில் ஒரு மூங்கில் புதர், கடைசியில் சில வேல மரம். மேலே சுண்ணாம்பு அடித்த கல். அது வரைக்கும் வழி வெட்ட வேண்டும், கடைசியாக வருகிற ஜோடிக்கு லாரி இல்லை. ஒரு ஆள் மட்டும் ஜோடி வராமல் தனியாக ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தான். அவன் ஜோடிக்கு அம்மை கண்டுவிட்டதாம். மேஸ்திரி அவனைப் போகவும் சொல்லவில்லை, வெட்டவும் சொல்லவில்லை.

உண்ணியில் பின்தங்கினோம், நான் நினைத்த மாதிரியேதான். கை முழங்கை வரைக்கும் கீறிப்போயிற்று. மூங்கிலில் எல்லாரையும் பிடித்துவிட்டோம். பக்கத்துப் பட்டையில் கோலார்க்காரன் ஒருவன், “டேய், யாரு தலைடா அடுத்தது?” என்று கத்தினான். “உன்னுதுதான், குனிஞ்சு நில்லு” என்று இவன் பதில் சொன்னான். மூங்கிலைத் தாண்டும்போது நாங்கள்தான் முதல்.

வேல மரத்தில் மூன்றாவது வெட்டுக்கு இவன் ஓங்கினான். கையில் பிடி மட்டும் நின்றது. கத்தி அவன் தலைக்குப் பின்னால் பறந்து, மேஸ்திரியின் குடைக்குப் பக்கத்தில் புதருக்குள் போய் விழுந்தது.

“ஏய்! கத்தி எல்லோ, பிடி எல்லோ! மைமேல புத்தி இதெயா?” என்று மேஸ்திரி குதித்தார். கத்தி எங்கே, பிடி எங்கே, உடம்பில் புத்தி இருக்கிறதா என்று கேட்கிறார். அவர் முகம் வெளுத்துவிட்டது.

இவன் பிடியைத் திருப்பி உள்ளே பார்த்தான். பொத்தல். உள்சுவரில் கண்ணாடித் தூள் மாதிரி, தட்டார் கடையில் உருக்குகிற அரக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. மலைக் கொல்லன் அடிக்கிற அந்தக் கத்திகளுக்கு ஆணி கிடையாது. வால் போன்ற இரும்பைக் கொம்புக்குள் விட்டு அரக்கு ஊற்றி நிறுத்துகிறார்கள். நாங்கள் அதை மச்சு என்று நினைத்து அடுப்பில் காட்டி உருக்கியிருக்கிறோம். பாதி வழிந்துபோய், மீதி உடைந்து, அவ்வளவு நேரம் நின்றதே பெரிது.

மற்ற ஜோடிகள் எங்களைத் தாண்டி மேலே போய்க்கொண்டிருந்தார்கள். இவன் உண்ணிக்குள் தலையைக் கொடுத்து நுழைந்து கத்தியை எடுத்து வந்தான். சட்டை முதுகில் கிழிந்திருந்தது. வெட்டிப் போட்ட மூங்கிலில் கெட்டியாக ஒரு துண்டை எடுத்து, உறையிலிருந்த குட்டிக் கத்தியால் வாயைப் பிளந்து, வால் உட்காரும் அளவுக்கு உள்ளே சீவினான். பெட்டி அடித்த கை, சீவினது சரியாக இருந்தது. பக்கத்து வேலியில் இருந்த கத்தாழை மடலை அடித்து நார் உரித்தான். “பிடி” என்றான். இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். நாரைச் சுற்றி, குச்சி போட்டு முறுக்கி, முடிந்தான்.

ஓங்கி வெட்ட முடியாது. தட்டித் தட்டித்தான் வெட்டினான். எங்கள் வேல மரம் விழும்போது மற்றவர்கள் மேலே கல்லுப் பக்கம் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

மேஸ்திரி கத்தியை வாங்கிப் பார்த்தார். நார்க்கட்டைப் பிடித்து ஆட்டினார், கழலவில்லை.

“யார் கட்டினது?”

“நான் சார்.”

என்னைப் பார்த்தார். “நீ என்ன செய்தே?”

“பிடிச்சிட்டிருந்தேன்.”

எல்லாரும் சிரித்தார்கள். மேஸ்திரியும் சிரித்தார். பிறகு கல்லில் உட்கார்ந்திருந்த தனி ஆளைக் கையால் காட்டி, இவனிடம், “கடைசியா வந்த ஜோடி எனக்கு பேடா, வேண்டாம். அவனுக்கு ஜோடி இல்லை. நீ அவன் கூட ஏறு. அவன் கத்தி அவன்கிட்ட இருக்கு” என்றார்.

இவன் அங்கேயே நின்றான். என்னைப் பார்ப்பதா லாரியைப் பார்ப்பதா என்று தெரியாமல் கையில் ஒட்டின கத்தாழைச் சாற்றைத் தேய்த்துக்கொண்டிருந்தான். அந்தச் சாறு அரிக்கும்.

“இன்னா பா நிக்கறே? ஏறு” என்றேன்.

“உனக்கு?”

“எனக்கு வீடா கட்டித் தரப் போறாங்க? ஏறுடா.”

லாரி கிளம்பும்போது பின்பலகையைப் பிடித்துக்கொண்டு கத்தினான். “ஊர்காமுக்குப் போய்ச் சொல்லிடறியா? வேலை ஆயிடுச்சின்னு மட்டும் சொல்லு. கத்தி கதையெல்லாம் சொல்லாதே!”

எனக்கு எங்கேயாவது போக வேண்டியிருந்தது. அது ஊர்காமாக இருந்தால் என்ன?

மாமனார் ஷிப்ட் முடிந்து வந்து, முகம் கழுவாமலே வாசலில் உட்கார்ந்து நான் சொன்னதைக் கேட்டார். “காவல் வேலையா, வெட்டு வேலையா?” என்றார். இப்போது வெட்டு, முடிந்ததும் காவல் என்றேன். “வீடு?” என்றார். தகரம் என்றேன். உள்ளே திரும்பி, “கேட்டியா?” என்று மட்டும் சொன்னார்.

அந்தப் பெண் கதவுக்குள்ளேயே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். அவள் வேலையைப் பற்றிக் கேட்கவில்லை, அவன் எப்படி இருக்கிறான் என்றும் கேட்கவில்லை.

“அங்க தண்ணி கிட்டயா, தூரமா அண்ணா?” என்றாள்.

நான் அந்த இடத்தைப் பார்த்ததில்லை. கிட்டத்தான் என்று சொன்னேன்.