பூண்டுக்கு நம்பர் இல்லை

கொடைக்கானல் கடைத்தெருவில் ஒரு சாயபு மண்டியில் எனக்கு மலைப்பூண்டு உரிக்கும் வேலை. பங்களாச் சமையல்காரர்களுக்கு உரித்த பூண்டுதான் வேண்டும். அவர்கள் நகம் நோகக் கூடாதாம். தண்ணீரில் ஊறப்போட்டு நாள் முழுக்க உரித்ததில் என் விரல்கள் வெடித்தன, மணிக்கட்டுவரை கொப்புளம் கிளம்பியது. ஆறிய இடம் வெளிறித் திட்டாக நின்றது.

அந்தத் திட்டை முதலில் பார்த்தவள் என் மதினி, புருஷனின் அக்கா. குஷ்டம் என்ற சொல்லை அவள் வாயால் சொல்லவில்லை. என் கைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தன் வீட்டுக்குப் போய்விட்டாள். பால் கட்டிக்கொண்டு எனக்கு நெஞ்சு தெறித்தது. வற்றிவிடக் கூடாதென்று தினமும் பிழிந்து மண்ணில் விட்டேன். யார்மேல் கோபப்படுவது? என் கையைத் தொட எனக்கே பயமாக இருந்தது.

மழை ஓய்ந்து பனி விழத் தொடங்கியபோது அவளே என்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனாள். "டாக்டரு ஊசியால குத்திப் பாப்பாரு. மூச்சுக் காட்டாத. கத்துனா, பெரிய நோவுன்னு நெனச்சு மலையவிட்டு எறக்கிருவாங்க," என்று சொல்லிவிட்டுப் பிள்ளையோடு வாசலில் நின்றாள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

டாக்டர் என் கண்ணைத் துணியால் கட்டினார். திட்டில் ஊசி இறங்கியது. உயிர் போயிற்று. பல்லைக் கடித்துக்கொண்டேன். இன்னொரு குத்து.

"தெரியுதா?"

"ஒண்ணும் இல்லீங்க," என்றேன், சமர்த்தாக.

அவர் பெருமூச்சு விட்டார். "தோலு மரத்துப்போச்சு. குஷ்டம். அந்த நம்பரப் போடுங்க," என்றார் கம்பவுண்டரிடம். ஒவ்வொரு நோய்க்கும் சர்க்கார் ஒரு நம்பர் வைத்திருந்தது. நோயாளி பேருக்கு நேரே அதை எழுத வேண்டும். பிறகு என்னிடம், "கைப்பிள்ளை இருந்தா இனிமே கிட்ட விடாத, தாயி," என்றார்.

கட்டை அவிழ்த்தெறிந்தேன். "வலிக்குதுங்க! கொல்லுதுங்க! கத்தப்படாதுன்னு பொறுத்துக்கிட்டு இருந்தேன்!"

அவர் நம்பவில்லை. மறுபடி கண்ணைக் கட்டி, இங்கும் அங்கும் குத்தினார். குத்திய இடத்தையெல்லாம் தொட்டுக் காட்டி ஊரே கேட்கக் கத்தினேன். கட்டை அவிழ்த்து என் விரலை மோந்து பார்த்தார்.

"என்ன சோலி பாக்குற?"

"பூண்டு உரிக்கிறேங்க."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பூண்டுக் காரம் பட்ட புண்ணு. யாருக்கும் ஒட்டாது. பூண்டத் தொடாத, ஆறிடும்." கம்பவுண்டருக்குத்தான் கடுப்பு, அவர் பட்டியலில் பூண்டுக்கு நம்பர் இல்லை. எழுதியதை அடித்துவிட்டு, இதர தோல் நோய்களின் நம்பரில் என்னைத் தள்ளினார்.

என் கூப்பாட்டுக்கு மதினி உள்ளே ஓடிவந்திருந்தாள். டாக்டர் சொன்னதை இரண்டுதரம் கேட்டுவிட்டுப் பிள்ளையை என் மடியில் வைத்தாள். ரவிக்கை நனைந்துபோயிற்று. அவனோ என்னை யாரோ போலப் பார்த்து வீறிட்டான். அவள் சேலையைப் பிடித்த பிடியை விடவில்லை. நம்பர் மாறிவிட்டதை அவனிடம் யார் சொல்வது?