கச்சான் திரும்பாத மத்தியானம்

வாழையிலையில் விரலை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் கேதீஸ்வரி தேநீருக்குத் தண்ணீர் வைப்பாள். விரலில் சாம்பல் நிறம் ஒட்டினால், தூசு வராது என்று முதல்நாள் சொன்னது பிழை. ஒட்டாத நாளில் சீனி ஒரு கரண்டி கூட விழும்.

சித்தாண்டிக்கு மேற்கே மலையை உடைத்துக் கல்லெடுக்கும் கொம்பனியில் அவளுக்கு வேலை. தூசு எந்தப் பக்கம் போகும் என்று முன்கூட்டியே கணிக்க வேண்டும். காற்றின் வேகம், வெடி வைக்கும் நேரம், டிப்பர் லொறிகளின் ஓட்டம் எல்லாவற்றையும் கணினிக்குள் போட்டு, விடிந்ததும் ஊருக்கு வட்ஸ்அப்பில் குரல் அனுப்புவாள்: “இண்டைக்கு உடுப்புக் காயப்போடலாம்.” இல்லாவிட்டால், “யன்னலச் சாத்துங்க.” தாலி கட்டும் நேரத்தை மட்டும்தான் இன்னும் இவளிடம் கேட்கவில்லை என்று ஊரில் பகிடி. அந்தப் பகிடி அவளுக்குப் பிடித்திருந்தது. தூசைக் குறைக்கச் சொல்லிக் கொம்பனியிடம் அவள் வாய் திறந்ததில்லை.

இந்த வைகாசியில், கண்ணகி அம்மன் சடங்குக்குக் குத்த வேண்டிய நெல்லைக் கோயில் முற்றத்தில் காயவிடலாமா என்று அன்னப்பூரணி கேட்டாள். நெல் குத்தும் பெண்களுக்கு அவள்தான் பொறுப்பு. தாராளமாகப் போடலாம் என்றாள் கேதீஸ்வரி. மேற்கேயிருந்து அடிக்கும் கச்சான் காற்றை மத்தியானம் கடற்காற்று திருப்பிவிடும், தூசு காட்டுப்பக்கம் போகும் என்றது கணக்கு. ஆனால் அது, கடலுக்குக் கிட்ட இருக்கும் வாவியோரத்து நகரத்தில் அளந்த காற்றை வைத்துப் போட்ட கணக்கு. கடற்காற்று இந்த ஊர்வரைக்கும் வரவேயில்லை. கச்சான் விடாமல் அடித்தது. விரதமிருந்த பெண்கள் புடைத்துப் பரப்பிய நெல்மேல், மாவரித்துப் போட்டதுபோல் கல்தூசு படிந்தது. அம்மனுக்கு ஆகாது என்று அத்தனையும் கோழிக்குப் போயிற்று.

அவளை யாரும் ஏசவில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பாள். “காத்த நீயா அடிக்க உட்ட? உடுகா, புள்ள” என்று அன்னப்பூரணியே தேற்றியபோதுதான் வெட்கத்தில் கூனிக் குறுகிப் போனாள். கச்சானில் பிறந்து வளர்ந்தவள். வாசலில் வந்து நின்றிருந்தாலே அதன் அனல் முகத்தில் சுட்டிருக்கும். அன்று மத்தியானம் மின்விசிறிக்குக் கீழே இருந்தவள், வெளியே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இப்போது கடைக்குப் போனாலும் குனிந்த தலை நிமிர்வதில்லை.

வீடு வீடாகக் கேட்டு மறுபடியும் நெல் சேர்த்தார்கள். சடங்கும் நெருங்கிவிட்டது. இனியும் பழுதானால் அம்மனுக்குப் படைக்க ஊரில் நெல் இல்லை. நேற்றுக் காலை, முற்றத்துப் பாயில் நெல்லைக் கொட்டி வைத்துக்கொண்டு, அன்னப்பூரணி ஆளனுப்பி அவளைக் கூப்பிட்டாள்.

“சொல்லுகா. இண்டைக்குப் பரப்பலாமா?”

போனில் கணக்கு எல்லாம் நல்லதாகவே காட்டியது. பெண்கள் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கேதீஸ்வரி போனைப் பைக்குள் போட்டாள். குனிந்து, பாயின் ஒரு முனையைப் பிடித்து, நெல்லோடு, தூசு படாத கோயில் மண்டபத்துக்குள் இழுக்கத் தொடங்கினாள்.