அது சப்பி, மாமா

போன சனிக்கிழமை பின்னேரம் மகன் தன் கூட்டாளி வீட்டிலிருந்து வந்தான். வந்ததும் வராததுமாக ஒரு கேள்வி கேட்டான். குரங்கு விரட்டுவதற்கென்று கூட்டாளியின் தகப்பன் காற்றுத் துவக்கு ஒன்று வாங்கியிருக்கிறாராம். பாரமான குண்டு பலமாக அடிக்குமா, பாரமில்லாததா என்று பொடியன்கள் இருவருக்கும் வாக்குவாதமாம்.

நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். "குழலுக்கு அளவானதுதான் அடிக்கும். அளவு பிழைச்சா, என்ன பாரம் இருந்தும் வேலையில்ல" என்று நிமிராமலே சொன்னேன்.

"அம்மா! உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

பதிலுக்கு அவனை ஏசத் தொடங்கினேன். இனி அந்த வீட்டுப் பக்கம் போனால் காலை முறிப்பேன் என்றேன். அவன் பயந்துபோய் அறைக்குள் போய்விட்டான். இத்தனை வருடத்துக்குப் பிறகும் அந்தப் பதில் என் வாயில் அவ்வளவு தயாராக இருந்திருக்கிறது.

எனக்கு அதைச் சொல்லித் தந்தவர் சின்ன மாமா. துவக்கு என்ற சொல்லுக்கு எங்கள் பக்கத்தில் யாரும் திடுக்கிடாத காலம் அது. வவுணதீவுப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் வயல் இருந்தது. நெல் பால் பிடிக்கும் நாட்களில் கிளி விரட்டுவதற்காக மாமா வயலிலுள்ள வாடிக் குடிலில் தங்குவார். பள்ளிக்கூட விடுமுறையென்றால் நானும் அவரோடு போய் நிற்பேன். டவுனில் இருந்த பறங்கிக் கூட்டாளி ஒருவரிடம் அவர் காற்றுத் துவக்கு ஒன்றை இரவல் வாங்கியிருந்தார். கடைக்குண்டு இரண்டே நாளில் முடிந்துவிட்டது. மாமா பழைய வீச்சு வலையொன்றின் ஈயமணிகளைக் கழற்றி, நறுக்கி, இரண்டு ஓட்டுத் துண்டுகளுக்கு இடையில் வைத்து உருட்டிக் குண்டு செய்தார்.

உருட்டியதெல்லாம் ஒரே அளவாக வரவில்லை. ஏன் அளவு வேண்டும் என்று நான் கேட்டபோது, பப்பாசி இலைக்காம்பைக் குழலாக வெட்டித் தந்து ஊதச் சொன்னார். பயறு ஒன்றைப் போட்டு ஊதினேன். காற்று முழுவதும் அதன் பக்கங்களால் ஓடிவிட, பயறு என் காலடியில் விழுந்தது. கடலையைப் போட்டேன். அது இறுகி நின்றுகொண்டது, கன்னம்தான் வலித்தது. பிறகு அவர் ஒரு வேப்பங்கொட்டையைத் தேய்த்து அளவாக்கித் தந்தார். அது பறந்துபோய்த் தட்டியில் 'டக்' என்று பட்டது. அதே அளவில் கடுதாசி உருண்டை வேகமாகக் கிளம்பிப் பாதி வழியிலேயே சோர்ந்துவிடும். களிமண் உருண்டை கொஞ்சம் மெதுவாகப் போனாலும் பட்ட இடத்தில் தடம் வைக்கும்.

மாமா தன் குண்டுகளை லேஞ்சித் துண்டின் இரண்டு மூலைகளில் முடிந்து வைத்திருந்தார். ஒரு மூலையில் அளவானவை. மற்றதில் சிறுத்துப்போனவை, திரும்ப உருக்குவதற்கு. உள்ளே அரிசி இல்லாத நெல்லைச் சொல்வதுபோல அவற்றுக்குச் 'சப்பி' என்று பெயர் வைத்திருந்தார். அந்தப் பகிடி எனக்கும் அவருக்கும் மட்டும் உரியது.

அந்த நாட்களில் மாமாவுக்குக் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. பெண்ணின் தகப்பன் பக்கத்து வயல் வட்டையில் நிறையக் காணி வைத்திருந்த பெரிய போடியார். ஒரு நாள் அவர் இரண்டு ஆட்களோடு எங்கள் வாடிக்குச் சும்மா வருவதுபோல் வந்தார். மாப்பிள்ளையைப் பார்க்கத்தான் வந்தார் என்பது எனக்கும் விளங்கியது. இந்த இடம் சரிவர வேண்டும் என்று அம்மா கோயில் கோயிலாக நேர்த்தி வைத்துக்கொண்டிருந்தாள்.

தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது கட்டாக்காலிக் கன்று ஒன்று வரம்பு தாண்டி வந்து பயிரில் வாய் வைத்தது.

"சரி தம்பி, துவக்கு வைச்சிருக்கிறீங்கதானே. அதுக்கு ஒரு வெடி வையுங்க பாப்பம்" என்றார் போடியார்.

"கலைச்சா ஓடிரும் அண்ணாச்சி."

"கலைச்சா நாளைக்கும் வரும். பட்டாத்தான் ரோசம் வரும்."

மாமா எழுந்தார். எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று குண்டைப் போட்டார். குறி பார்த்தார். 'புஸ்' என்று ஒரு சத்தம். குண்டு நாலு முழம்கூடப் போகாமல் சேற்றில் விழுந்தது. கன்று தலையைக்கூடத் தூக்கவில்லை.

வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "என்ன மாப்பிள்ள, துவக்குக்குச் சளி புடிச்சிருக்கோ?" என்றான் ஒருவன். "துவக்குக்கு மட்டுந்தானோ எண்டு விசாரியுங்க போடியார்" என்றான் மற்றவன். போடியார் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். மாமாவும் கூடச் சேர்ந்து சிரித்தார். அவர் சிரித்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. என் முகம் எரிந்தது. தங்களைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் கூடச் சிரிக்கும் ஆட்களைப்போல இருந்தார் அவர்.

"இன்னொருக்கா வையுங்க. ஒண்டு பிழைக்கும்தானே" என்றார் போடியார்.

இந்த முறை நான் கிட்டப் போய் நின்றேன். மாமாவின் விரல் லேஞ்சியின் எந்த மூலைக்குப் போகிறதென்று பார்த்தேன்.

"மாமா, அது சப்பி!" என்று கத்தினேன்.

எல்லோரும் கமக்காரர். யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. "குண்டிலயும் சப்பியா!" என்று போடியார் கண்ணில் நீர் வரச் சிரித்தார். நான் மற்ற மூலையை அவிழ்த்தேன். மாமா சொல்லித் தந்தபடி விரல்களுக்குள் உருட்டிப் பார்த்து, அளவிலும் பாரத்திலும் திறமான ஒன்றை எடுத்து அவருடைய உள்ளங்கையில் வைத்தேன். அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார்.

"புள்ள விசயகாரிதான். போடுங்க தம்பி" என்றார் போடியார்.

சத்தம் இந்த முறை வேறு மாதிரி இருந்தது. மாமா பின்பக்கத்துக்குத்தான் குறி வைத்திருக்க வேண்டும். அந்த நேரம் பார்த்துக் கன்று திரும்பிவிட்டது. அது விழவில்லை. தலையை உதறிக்கொண்டு ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி வந்து, வரம்பில் முட்டி, எழும்பி, தாயைக் கூப்பிட்டபடி ஓடியது. ஒரு கண்ணிலிருந்து இரத்தம் வடிந்தது. நான் கை தட்டினேன்.

கல்யாணம் அடுத்த மாதமே ஒப்பேறியது. மாமா துவக்கை மறுநாளே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். அந்தக் கன்று ஒற்றைக் கண்ணோடு வளர்ந்து பசுவானது. நான் பெரியவளான பிறகும் அந்த வட்டையில் அதைக் கண்டிருக்கிறேன். அப்படி ஒருமுறை, மகனுக்கு இப்போதுள்ள வயதில் கண்டபோதுதான், முதல் குண்டு ஏன் சேற்றில் விழுந்தது என்பது எனக்கு விளங்கியது. முடியாது என்று போடியாரிடம் சொல்ல முடியாத ஒருவர், சிரிப்புக்கு ஆளாவது பரவாயில்லை என்று முடிவெடுத்திருக்கிறார்.

அன்றைக்கு அது தெரியவில்லை. பொழுதுபடச் சைக்கிள் பாரில் என்னை ஏற்றிக்கொண்டு மாமா வீட்டுக்குப் புறப்பட்டார். வழக்கமாகப் பாடிக்கொண்டு வருபவர் அன்று குனிந்து மிதித்துக்கொண்டே வந்தார். ஒரு பாராட்டுக்கூடச் சொல்லவில்லையே என்று எனக்குக் கோபமாக இருந்தது.

"நான் சொல்லாட்டி நீங்க திரும்பவும் சப்பியத்தான் போட்டிருப்பீங்க, என்ன மாமா?"

"ஓம் புள்ள" என்றார். "அதத்தான் போட்டிருப்பன்."

அவர் ஒத்துக்கொண்டதில் எனக்கு அவ்வளவு பெருமை. பாலம் வரும்வரை அதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டு வந்தேன். ஒவ்வொரு முறையும் அவர் ஓம் என்றார்.